எல்லாரும்னா எல்லாரும்தான்

துவாமி: கடுதாசியை என்கிட்ட நீட்டாதீங்க. வாசிங்க.

சால்தாங்கா: நீயே வாசிச்சுக்கலாமே துவாமி. படிக்கத் தெரிஞ்சவதானே.

துவாமி: பன்னெண்டு வருஷமா சண்டே ஸ்கூல்ல பெரியவங்க வகுப்பு எடுக்கறேன். படிக்கத் தெரியும். ஆனா இதை எழுதினது சபைக் கமிட்டி. கொண்டு வந்தது கமிட்டிச் செயலாளர். என் அண்ணனா நீங்க வரல. அதனால செயலாளரே வாசிக்கட்டும்.

ருவாலா: மச்சான், டீ ஆறுது. இந்தாங்க வெல்லம். கடிச்சுக்கிட்டே வாசிங்க, தொண்டைக்கு இதமா இருக்கும்.

துவாமி: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

ருவாலா: வீட்டுக்கு வந்தவருக்கு டீ குடுக்கறதுக்கும் கமிட்டி தடை போட்டிருக்கா என்ன?

சால்தாங்கா: மாப்ளே... இரு. வாசிச்சிடறேன். "கிறிஸ்துவுக்குள் சகோதரி லால்துவாமிக்கு..."

துவாமி: கூடப் பொறந்தவளை சகோதரின்னு கூப்பிட ஒரு கடுதாசி வேண்டியிருக்கு. ம்ம். மேல.

சால்தாங்கா: "கடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், மனந்திரும்பாமல் மரித்தவர்களும் முடிவில் இரட்சிக்கப்படுவார்கள் என்று தாங்கள் போதித்ததாகக் கமிட்டியின் கவனத்துக்கு வந்துள்ளது. இது நம் சபையின் விசுவாசத்துக்கு..."

துவாமி: மரித்தவர்கள். பேரு எழுதலையா?

சால்தாங்கா: பொதுவா எழுதறதுதான் வழக்கம்.

துவாமி: நான் பொதுவாச் சொல்லல. மாவியான்னு சொன்னேன். நம்ம மாவியா. நமக்கெல்லாம் கடைசியாப் பொறந்தவன். அவன் பேரை எழுதப் பேனா கூசுதா?

சால்தாங்கா: துவாமி, கேளு. ரெண்டே விஷயம்தான். வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனையில எழுந்து நின்னு, தவறாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இல்லேன்னா...

துவாமி: இல்லேன்னா?

சால்தாங்கா: ஆறு மாசத்துக்கு வகுப்பு எடுக்கக் கூடாது. திருவிருந்துல சேரக் கூடாது.

ருவாலா: திருவிருந்து வருஷத்துக்கு எத்தனை தடவை? ஆறு மாசம் சீக்கிரம் போயிடும்.

துவாமி: போயிடும். போகட்டும். எழுந்து நிக்கமாட்டேன். எழுதிக்குங்க.

சால்தாங்கா: அவசரப்படாதே. என்ன சொன்னோம்னு யோசிச்சுப் பாரு.

துவாமி: யோசிக்க என்ன இருக்கு? பின் பெஞ்சுல நீங்களும்தான் உக்காந்திருந்தீங்க. அந்த கிமி எழுந்து என்ன கேட்டா? "அக்கா, என் பையனும் குடிக்கிறான். செத்தா மாவியா இருக்கற இடத்துக்குத்தான் போவானா?" வகுப்பு பூரா என்னைப் பாக்குது. நான் அவன் அக்கா. என்ன சொல்லணும்? ஆமாம்மா, ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல இடம் போட்டிருக்காங்கன்னு சொல்லணுமா?

சால்தாங்கா: நமக்குத் தெரியாது, ஆண்டவருக்குத்தான் தெரியும்னு சொல்லியிருக்கலாம்.

துவாமி: அவன் அடக்கத்தன்னிக்கு நமக்குத் தெரியாதுன்னா பேசினீங்க? நல்லாத் தெரிஞ்ச மாதிரிதான் நடந்துக்கிட்டீங்க. "உயிரோட இருக்கறவங்க எச்சரிக்கையா இருங்க." பாஸ்டர் வாயில வந்தது அந்த ஒரு வரிதான். பரலோகப் பாட்டு ஒண்ணு எடுத்தீங்களா? குழி வெட்டின பசங்க கூட, எந்தப் பாட்டுன்னு உங்க மூஞ்சியைப் பாத்துட்டு நின்னாங்க. நீங்க அவன் அண்ணன், சபை மூப்பர். தரையைப் பாத்துட்டு நின்னீங்க.

சால்தாங்கா: ரெண்டு தடவை சபையை விட்டு நீக்கின ஆளு. நான் என்ன பண்ண முடியும்?

துவாமி: பாட்டை எடுத்திருக்கலாம். தொண்டை உங்களுதுதானே.

ருவாலா: இன்னொரு கிளாஸ் டீ ஊத்தவா?

சால்தாங்கா: வேணாம் மாப்ளே. துவாமி, ஆண்டவர் யாரையும் தள்ளல. மனுஷன் தானாப் போறான். மாவியாவுக்கு முன்னால ரெண்டு பாதை இருந்துச்சு. மேல போனா கோயில், கீழ போனா சாராயம் காய்ச்சுற வீடு. ஆண்டவர் இறக்கி விடல. கால் அவனோடது.

துவாமி: சரி. கால் அவனோடது. போன மாசம் பாஸ்டர் என்ன பிரசங்கம் பண்ணாரு? ஆண்டவர் சித்தமில்லாம மூங்கில்ல ஒரு இலை விழாதுன்னு. நீங்கதான் எல்லாருக்கும் முன்னால ஆமென் சொன்னீங்க. இலை விழ அவர் சித்தம் வேணும். என் தம்பி விழறப்போ மட்டும் அவர் வேற பக்கம் பாத்துட்டு இருந்தாரா?

சால்தாங்கா: அது வேற...

துவாமி: எது வேற? எல்லாம் அவர் சித்தம்னா மாவியாவை ஏன் குத்தம் சொல்றீங்க? எல்லாம் மாவியா இஷ்டம்னா, ஆண்டவரை ஏன் சர்வ வல்லவர்னு பாடறீங்க? ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கண்ணே. சபையில ஒருத்தன் பையன் பரீட்சை பாஸ் பண்ணா ஆண்டவர் சித்தம். இன்னொருத்தன் பையன் குடிச்சுச் செத்தா அவனவன் இஷ்டம். நல்லாருக்கு கணக்கு.

ருவாலா: எங்க வீட்டுலயும் அப்படித்தான். பன்னி எட்டுக் குட்டி போட்டா ஸ்தோத்திரம். ஒண்ணு செத்தா, நான் சரியாத் தீனி வைக்கலன்னு திட்டு.

துவாமி: உங்களை...

சால்தாங்கா: சிரிக்கற விஷயமில்ல மாப்ளே. துவாமி, நீ சொல்றதுல மனுஷனுக்கு இடமே இல்லையே. மாட்டேன்னு ஒருத்தன் சாகற வரைக்கும் சொல்றான். அவனையும் கழுத்தைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயிடுவாரா? மாட்டேன்னு சொல்ல முடியாத இடம் பரலோகம் இல்ல, ஜெயிலு.

துவாமி: மாட்டேன்னு சொல்லட்டுமே. நூறு தடவை சொல்லட்டும். மாவியா சின்னப் பிள்ளையா இருக்கும்போது குளிக்க மாட்டேன்னு மூங்கில் காட்டுக்குள்ள ஓடுவான். ஞாபகம் இருக்கா?

சால்தாங்கா: இருக்கு.

துவாமி: அம்மா என்ன பண்ணுவா? துரத்திப் பிடிச்சு அடிக்க மாட்டா. சரி போ, அழுக்காவே கெடன்னு வீட்டுக்கும் போக மாட்டா. ஊத்துப் பக்கத்துல கல்லு மேல உக்காந்திருப்பா. உக்காந்தே இருப்பா. இவன் ஒளிஞ்சு ஒளிஞ்சு பாப்பான். அம்மா இருக்காளான்னு. கடைசியில தானா வந்து நிப்பான். அவன் இஷ்டம் எங்கயாவது போச்சா? போகல. ஆனா அவ போகாம இருந்ததாலதான் அவன் வந்தான். நம்ம அம்மாவுக்கு இருந்த பொறுமை ஆண்டவருக்கு இல்லியா?

சால்தாங்கா: அம்மா பொழுது சாயற வரைக்கும் உக்காந்தா. ஆண்டவர் ஆயுசு பூரா உக்காந்தாரு. முப்பத்தெட்டு வருஷம். அப்புறம் சாவு வந்துடுச்சு.

துவாமி: சாவு வந்தா ஆண்டவர் எழுந்து போயிடணுமா? அவரை விட அது பெரிய ஆளா?

சால்தாங்கா: இது... இந்தப் பேச்சுதான் கமிட்டிக்குப் பயம்.

துவாமி: பயப்படட்டும். இன்னொண்ணு கேக்கறேன். அப்பாவோட தாத்தா எப்போ செத்தாரு?

சால்தாங்கா: அதை ஏன் இப்போ...

துவாமி: சொல்லுங்க.

சால்தாங்கா: வெள்ளைக்காரப் போதகருங்க இந்த மலைக்கு வர்றதுக்கு முன்னால.

துவாமி: மூணு வருஷம் முன்னால. அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்காரு. மூணே வருஷம். ஒரு கப்பல் முன்னாடி கிளம்பியிருந்தா தாத்தா பரலோகத்துல. கிளம்பாததால நரகத்துல. தாத்தா என்னண்ணே தப்பு பண்ணாரு? கப்பலுக்கு லேட்டானதுக்கு இவர் வேகணுமா? இதுல அவர் இஷ்டம் எங்க இருக்கு?

ருவாலா: அந்தக் காலத்து ஆளுங்க பியால்ரால்னு ஒரு சொர்க்கம் சொல்லுவாங்க மச்சான். அதுலயும் எல்லாருக்கும் இடம் இல்ல. யானை, காட்டெருமைன்னு வேட்டையாடி ஊருக்கு விருந்து வச்சவன் மட்டும் போவான். எங்க தாத்தா ஒரு காட்டுக்கோழி புடிச்சாரு. அதுவும் தப்பிச்சுப் போச்சு.

துவாமி: ஆமா. போற வழியில உண்டிவில்லோட ஒருத்தன் நிப்பானாம். பெரிய வேட்டைக்காரனை விட்டுடுவான். ஏழை பாழையைப் பாத்து அடிப்பான். இயேசு வந்துட்டாரு, இனிமே அந்த வழியில யாரும் அடிக்க மாட்டாங்கன்னு சொன்னதாலதானே ஊர் பூரா இவர் பக்கம் வந்துச்சு. இப்போ நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? இயேசு கையில உண்டிவில்லைக் குடுத்து அதே இடத்துல நிறுத்தி வச்சிருக்கீங்க.

சால்தாங்கா: வாயை அடக்கு துவாமி. நீ பேசறது யாரைப் பத்தின்னு...

துவாமி: நல்லாத் தெரிஞ்சுதான் பேசறேன். அவரை இழிவு பண்றது நானா? ஆதாமால எல்லாரும் செத்தாங்கன்னு வாசிக்கும்போது, எல்லாரும்னா எல்லாரும்தான்னு சொல்றீங்க. கிறிஸ்துவால எல்லாரும் பிழைப்பாங்கன்னு அடுத்த வரி வந்தா, எல்லாரும்னா சில பேருன்னு சொல்றீங்க. பாவத்துக்கு இருக்கற கை நீளம் அவருக்கு இல்லியா?

சால்தாங்கா: அப்போ நான் ஒண்ணு கேக்கறேன். நீ பதில் சொல்லு. அந்தக் கலவர வருஷம் பட்டாளம் வந்து நம்ம ஊரைக் கொளுத்துச்சே.

ருவாலா: மச்சான், அது வேணாம்...

சால்தாங்கா: நீ இரு. நெல்லுக் குடிசைக்குத் தீ வச்ச சிப்பாய். அப்பா குறுக்க போய் நின்னாரு. துப்பாக்கிக் கட்டையால இடுப்புல அடிச்சானே, அவன். அதுக்கப்புறம் அப்பா நிமிர்ந்து நடக்கவே இல்ல. அவனும் வருவானா? அப்பா பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடுவானா?

துவாமி: அவனை எதுக்கு இப்போ இழுக்கறீங்க?

சால்தாங்கா: சொல்லு. மாவியான்னா வாய் நிறையச் சொன்னியே.

துவாமி: வருவான்.

சால்தாங்கா: சத்தமாச் சொல்லு.

துவாமி: வருவான்ணே. சொல்றதுக்கு எனக்கே நாக்குக் கூசுது. சும்மா வர மாட்டான். அப்பா இடுப்பு எப்படி வலிச்சுதுன்னு அவனுக்குத் தெரியாம அவனை உள்ள விட மாட்டாரு. அது நெருப்புதான். உங்க நரகத்தை விடச் சுடும். ஆனா அந்த நெருப்புக்கு ஒரு முடிவு இருக்கும். முடிஞ்சதும் வருவான். அழுதுட்டே வருவான். அப்பாதான் அவனுக்குக் கை நீட்டணும்.

சால்தாங்கா: அப்பா நீட்டுவாரா?

துவாமி: நாம சாகறதுக்குள்ள அவர் நீட்டியிருப்பாரு. நம்மளை விட நல்ல மனுஷன்.

ருவாலா: பன்னி கத்துது. தீனி வச்சுட்டு வரேன். எட்டு இருக்குல்ல, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கோபம் வருது.

துவாமி: போங்க. கீரைத் தண்டு கூடையில இருக்கு. நல்லாக் கொதிக்க விட்டு வைங்க.

ருவாலா: சரி சரி. மச்சான், நான் வர்றதுக்குள்ள கிளம்பிடாதீங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம்.

சால்தாங்கா: ம்ம்.

துவாமி: அவர் போயிட்டாரு. இப்போ ஒண்ணு சொல்லுங்க. கமிட்டியின் கவனத்துக்கு வந்துள்ளதுன்னு எழுதியிருக்கே. கொண்டு வந்தது யாரு?

சால்தாங்கா: அது எதுக்கு உனக்கு?

துவாமி: எதுக்கா? வகுப்புல இருவது பேரு. அன்னிக்கு முடிஞ்சதும் பாதிப் பேரு என் கையைப் புடிச்சு அழுதாங்க. கிமி அழுதா. அந்த வீட்டுல மூணு பேரும் அழுதாங்க. இதுல எவ போய்ச் சொன்னா? மேல் தெரு சுவாங்கிதானே. அவ புருஷனை நான் மருந்துக்குக் கூட்டிட்டுப் போன நன்றி கூட இல்ல.

சால்தாங்கா: சுவாங்கி இல்ல.

துவாமி: அப்போ அந்தத் தையல்காரன். இல்லியா? பேரை மறைக்காதீங்க. நேர்ல நின்னு சொல்ல தைரியம் இல்லாதவங்களுக்குச் செயலாளர் வேலை பாக்கறீங்களா? ஐஸ்வால்ல இருக்கற தலைமைச் சபைக்கு நானும் எழுதத் தெரிஞ்சவதான். மலையில இருக்கற எல்லாச் சபைக்கும் எழுதுவேன். என் அண்ணன் என் பக்கம் ஒரு வார்த்தை பேசலன்னு அதுல மொத வரியிலயே எழுதுவேன்.

சால்தாங்கா: நான்தான்.

துவாமி: என்ன நீங்கதான்?

சால்தாங்கா: புகார் குடுத்தது. வகுப்பு முடிஞ்ச கையோட பாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் பெருசா எடுத்துக்கல. விடுங்க, துக்கத்துல பேசியிருப்பாங்கன்னாரு. நான்தான் விடல. கமிட்டியைக் கூட்டினதும் நான். ஆறு மாசம்னு சொன்னதும் நான்.

துவாமி: ...நீங்களா?

சால்தாங்கா: ஆமா.

துவாமி: கூடப் பொறந்தவன் பரலோகத்துல இருப்பான்னு ஒருத்தி சொன்னா, அண்ணன்காரனுக்கு அது புகாரா? என்னண்ணே மனுஷன் நீங்க? நீங்க குடியை விட்டு இருவது வருஷமாச்சு. அவன் விடல. அவனுக்கும் அதே இடம் கிடைச்சா உங்களுக்கு நஷ்டமா? இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையில, நாளெல்லாம் வெயில்ல நின்னவன், பொழுது சாயறப்போ வந்தவனுக்கும் அதே கூலியான்னு முறைச்ச மாதிரி?

சால்தாங்கா: அது இல்ல துவாமி.

துவாமி: வேற என்ன? சொல்லுங்க. உங்களுக்கு அவன் நரகத்துல இருக்கணுமா?

சால்தாங்கா: ...ஆமா.

துவாமி: அண்ணே.

சால்தாங்கா: இரு. சொல்லிடறேன். மாப்ளே வர்றதுக்குள்ள. அன்னிக்கு கமிட்டி எங்க வீட்டுல. மதியம், நல்ல மழை. பாஸ்டர், மூப்பருங்க எல்லாம் உள்ள. கதவு தட்டுற சத்தம். போய்ப் பாத்தா மாவியா. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கான். நடுங்கறான்.

துவாமி: உங்க வீட்டுக்கு வந்தானா? செத்ததுக்கு முந்தின நாளா?

சால்தாங்கா: ம்ம். "அண்ணே, நாலு நாளாத் தொடல. பாஸ்டர் இருக்காருன்னு சொன்னாங்க. ஜெபம் பண்ணச் சொல்லுங்க." இவ்வளவுதான் சொன்னான்.

துவாமி: குடிச்சிருந்தான்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொன்னீங்க. குடிச்சுட்டு மழையில கெடந்து செத்தான்னு.

சால்தாங்கா: சொன்னேன். வாடை வரல துவாமி. இந்தா, இவ்வளவு கிட்ட நின்னான். தோளைத் தொட்டேன். கொதிச்சுது. நடுங்கினது காய்ச்சல்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு.

துவாமி: தெரிஞ்சுமா...

சால்தாங்கா: உள்ள கூட்டிட்டு வந்தா எல்லாரும் என்னைப் பாப்பாங்க. செயலாளர் தம்பி. ரெண்டு தடவை நீக்கினவன். அவன் உளற ஆரம்பிச்சா... கமிட்டி முடியட்டும், நாளைக்கு வான்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டேன். உள்ள வந்து உக்காந்தேன். யாருன்னு பாஸ்டர் கேட்டாரு. யாரும் இல்லன்னேன். காலையில ஊத்துப் பக்கத்துல கெடந்தான். ஆண்டவர் சித்தம்னு எல்லாருக்கும் சொல்ல வாய் வருது. இதுக்கு வரல. அன்னிக்கு யாரும் என் கையைப் புடிச்சுக் கதவைச் சாத்த வைக்கல. என் இஷ்டம். முழுசா என் இஷ்டம். அவன் நரகத்துல இருக்கான்னா, நான் சாகற வரைக்கும் அழுதுட்டுச் செத்துடுவேன். அதோட முடிஞ்சுது. நீ சொல்ற மாதிரி அவன் அங்க இருந்தான்னா, நான் போனதும் எனக்குக் கதவைத் திறக்கறவன் அவன்தான். அந்த மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்? அதனாலதான் நீ சொன்னதைத் தாங்க முடியல. வாபஸ் வாங்கு துவாமி. கமிட்டிக்காக இல்ல. எனக்காக.

துவாமி: முடியாதுண்ணே. உங்க வாசல்ல இருந்து அவன் நேரா இங்கதான் வந்தான். கீரை பறிக்கப் போயிருந்தேன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். இவருக்கும் அப்படித்தான் தெரியும். போகல. உள்ளதான் இருந்தேன். குரலைக் கேட்டதும், மறுபடி குடிச்சுட்டு வந்துட்டான்னு நெனச்சு, அடுப்புப் புகை வெளிய தெரியாம சாம்பலை அள்ளி மூடிட்டு, மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தேன். அக்கா, அக்கான்னு மூணு தடவை கூப்பிட்டான். அப்புறம் படி இறங்கற சத்தம் கேட்டுச்சு. அவன் அங்க இல்லேன்னா, நான் வீட்டுலதான் இருந்தேன்னு யாருகிட்டண்ணே போய்ச் சொல்லுவேன்?